ஒரு சொல்லுக்கு இரண்டு தராசா?

மாமியார் உடைத்தால் மண்குடம். மருமகள் உடைத்தால் பொன்குடம்!

இது நம் ஊர்ப் பழமொழி. ஆனால் இன்று அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கு இதை வைத்துத்தான் நடக்கிறது. அந்த வழக்கு கோர்ட்டில் மட்டும் நடக்கவில்லை. ரேடியோவில் நடக்கிறது. டெலிவிஷனில் நடக்கிறது. பாட்டு மேடையில் நடக்கிறது.

அங்கே உடைந்தது குடம் அல்ல. ஒரு சொல்!

கறுப்பு இன மக்களை இழிவுபடுத்தும் சொல் அது. வெள்ளையர் ஒருவர் அதைச் சொன்னால் வேலை போகிறது. கறுப்புப் பாடகர் அதைப் பாடினால் பாட்டு விற்கிறது. "இது என்ன நியாயம்?" என்று வெள்ளையரில் பலர் கேட்கிறார்கள்.

"கொலைக் கதையை வெள்ளையர் பாடினால் நாட்டுப் பாட்டு. நாங்கள் பாடினால் மட்டும் குற்றமா?" என்று கறுப்பர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

இரண்டு பேர் கையிலும் தராசு இருக்கிறது. எந்தத் தராசு சரி? நிதானமாகப் பார்ப்போம்.

வாயால் கெட்ட ரேடியோக்காரர்

டான் ஐமஸ் என்று ஒருவர். அமெரிக்காவில் பெயர் பெற்ற ரேடியோ பேச்சாளர். வெள்ளையர். காலை நேரத்தில் அவர் பேச்சைக் கேட்கப் பெரிய கூட்டம் உண்டு. பெரிய மனிதர்கள் எல்லாம் அவர் நிகழ்ச்சியில் வந்து பேசுவார்கள்.

2007-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி இரவு, கல்லூரிப் பெண்களுக்கான கூடைப்பந்து இறுதி ஆட்டம் நடந்தது. டென்னசி அணி வென்றது. ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணி தோற்றது. தோற்ற அணியில் பெரும்பாலோர் கறுப்பு இனப் பெண்கள். படித்துக்கொண்டே விளையாடும் பிள்ளைகள்.

மறுநாள் காலையில் ஐமஸ் அவர்களைப் பற்றிப் பேசினார். ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் தவறு இல்லை. அவரோ அந்தப் பெண்களின் தலைமுடியைக் கேலி செய்தார். விலைமாதர் என்று பொருள்படும் ஒரு கொச்சைச் சொல்லால் அவர்களைக் குறிப்பிட்டார்!

பெற்றவர்களின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்?

எங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஐமஸ் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கூடவே ஒரு சமாதானமும் சொன்னார். "இந்தச் சொல் வெள்ளையர்களிடம் பிறந்தது அல்ல. கறுப்பர்களிடமிருந்து வந்ததுதான்" என்பது அந்தச் சமாதானம்.

முதலில் இரண்டு வாரம் மட்டும் அவரை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள். பிறகு பெரிய பெரிய கம்பெனிகள் அவர் நிகழ்ச்சிக்குக் கொடுத்து வந்த விளம்பரங்களை நிறுத்தின. உடனே காட்சி மாறியது! ஏப்ரல் 11-ந் தேதி டெலிவிஷன் கம்பெனி அவரைக் கைவிட்டது. 12-ந் தேதி சி.பி.எஸ். ரேடியோ அவரை வேலையை விட்டு நீக்கியது.

அன்று இரவே ஐமஸ் அந்தப் பெண்களை நேரில் சந்தித்தார். மறுநாள், மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாக அவர்களின் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கர் அறிவித்தார். அவமானப்பட்டவர்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள்.

ஐமஸ் என்ன ஆனார்? அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு ரேடியோவில் பேச வந்துவிட்டார்!

"அவர்கள் பாடலாமா?"

ஐமஸ் விழுந்த அன்றே வேறு ஒரு கேள்வி எழுந்தது. "இதே சொற்கள் ராப் பாட்டில் ஆயிரம் முறை வருகின்றனவே! அதைப் பாடுபவர்கள் கறுப்பர்கள்தானே! அவர்களை யார் கேட்டது?"

ராப் பாட்டு என்பது தாளத்துக்கு ஏற்பப் பேசுவது போலப் பாடும் பாட்டு. 1970-களில் நியூயார்க் நகரத்தில், ஏழைகள் வாழும் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது. இன்று உலகம் முழுவதும் பரவிவிட்டது. அதில் நல்ல பாட்டும் உண்டு. ஏழையின் துயரமும், போலீசாரின் கொடுமையும், படிப்பின் பெருமையும் அதில் வருவது உண்டு. கொச்சையும் வசையும் வருவதும் உண்டு.

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரே பதிலில் முடித்துவிடவும் முடியாது. ஏன் என்றால், இதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று இனத்தைப் பழிக்கும் சொல். மற்றொன்று பெண்ணைப் பழிக்கும் சொல். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் குழப்பம் வருகிறது.

நண்பன் சொன்ன "டேய்"

முதலில் இனத்தைப் பழிக்கும் சொல்லைப் பார்ப்போம்.

பள்ளியில் உடன் படித்த நண்பன் நம்மை "டேய்" என்று கூப்பிடுகிறான். நாம் சிரிக்கிறோம். அதே "டேய்"யை ஓர் அதிகாரி நம் தாத்தாவைப் பார்த்துச் சொல்கிறார். இரத்தம் கொதிக்கிறது! எழுத்து ஒன்றுதான். ஒலி ஒன்றுதான். சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நெடுங்கதை இருக்கிறது. ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்து, மாடுகளைப் போல விற்றார்கள். அடிமை முறை 1865-ம் ஆண்டில்தான் சட்டப்படி ஒழிந்தது. அதன் பின்னரும் எத்தனையோ கறுப்பர்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்தும் தூக்கில் போட்டும் கொன்றார்கள். அப்போதெல்லாம் கொன்றவர்களின் வாயில் இருந்தது அந்தச் சொல்தான்.

அடித்தவன் பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னால் பழைய சாட்டையின் சத்தம் கேட்கும். அடிபட்டவன் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டால், "இது இனி எங்களைச் சுடாது" என்ற வீம்பு கேட்கும். ஆகவே இந்த இடத்தில் இரண்டு தராசு இல்லை. ஒரே தராசில் இரண்டு வேறு எடைகள்தான் இருக்கின்றன.

இந்த வீம்பைச் சட்டமும் ஒருமுறை கண்டது. ஆசிய வம்சத்து அமெரிக்க இளைஞர்கள் சிலர் ஓர் இசைக்குழு வைத்தார்கள். ஆசியரின் கண்ணைக் கேலி செய்யும் வசைச் சொல்லையே குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். வசையின் பல்லைப் பிடுங்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். சர்க்கார் அந்தப் பெயரைப் பதிவு செய்ய மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் இளைஞர்கள் வென்றார்கள்!

நம் சொல்லும் வசையானது

இது நமக்குப் புரியாத சங்கதி அல்ல.

"கூலி" என்பது நம் வீட்டுச் சொல். வேலை செய்தவன் வாங்கும் ஊதியம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. உலகத்துக்கு அந்தச் சொல் தமிழிலிருந்துதான் போனது என்று பலர் சொல்கிறார்கள். வேறு கருத்து உடையவர்களும் உண்டு.

1860-ம் ஆண்டு சென்னையிலிருந்து "ட்ரூரோ" என்ற கப்பல் தென் ஆப்பிரிக்காவுக்குப் போனது. அதில் 342 பேர் கரும்புத் தோட்ட வேலைக்காகப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பல்லாயிரம் பேர் போனார்கள். தமிழர்களும் அவர்களில் உண்டு. அங்கே இருந்த வெள்ளையர்கள் இந்தியர் எல்லோரையும் "கூலி" என்று அழைத்தார்கள். வழக்கறிஞராகப் போன காந்தியடிகளையும் விடவில்லை. "கூலி பாரிஸ்டர்" என்றார்கள்!

இன்றும் தென் ஆப்பிரிக்காவில் ஓர் இந்தியரை அப்படி அழைப்பது வசை. ஊதியத்தைக் குறித்த சொல், வாயின் வன்மத்தால் வசையாக மாறிவிட்டது.

"நீக்ரோ" என்ற சொல்லையும் பாருங்கள். முன்பு தமிழ் ஏடுகள் எல்லாம் அப்படித்தான் எழுதின. 1963-ம் ஆண்டு வாஷிங்டனில் பேசிய மார்ட்டின் லூதர் கிங்கும் தம் மக்களை அந்தச் சொல்லால்தான் குறித்தார். இன்று அவர்கள் அதை விரும்புவது இல்லை. ஆகவே நாமும் விட்டுவிட்டோம். விட்டதால் நமக்கு என்ன நட்டம்?

கறுப்பர்கள் சும்மா இருந்தார்களா?

இனி பெண்ணைப் பழிக்கும் சொல்லுக்கு வருவோம்.

இங்கே "எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம்" என்ற சமாதானம் செல்லாது. பாடுகிறவன் ஆண். பழிக்கப்படுகிறவள் பெண். அவன் தன் காயத்தைத் தடவிக்கொள்ளவில்லை. இன்னொருவர் மேல் காயம் உண்டாக்குகிறான். ஐமஸ் செய்ததும் அதுதான். இந்தப் பாடகர்கள் செய்வதும் அதுதான். ஐமஸின் சொல் தவறு என்றால் இதுவும் தவறே!

ஆனால், "கறுப்பர்கள் தங்கள் ஆட்களைக் கண்டிக்கவில்லை" என்று சொல்வது உண்மைக்கு மாறானது.

டெலோரஸ் டக்கர் என்ற கறுப்பு இனப் பெண்மணி இருந்தார். மார்ட்டின் லூதர் கிங்குடன் ஊர்வலம் போனவர். கொச்சையான ராப் பாட்டுகளை எதிர்த்து 1990-களில் போராடினார். டைம் வார்னர் என்ற பெரிய கம்பெனி அந்தப் பாட்டுகளை விற்று வந்தது. அம்மையார் என்ன செய்தார்? அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கினார்! 1995-ம் ஆண்டு பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டார். அந்த ஆண்டிலேயே அந்தக் கம்பெனி, ராப் இசைத்தட்டு வெளியிடும் இன்டர்ஸ்கோப் நிறுவனத்தில் தனக்கு இருந்த பாதிப் பங்கை விற்று விலகியது.

2004-ம் ஆண்டு அட்லாண்டா நகரத்தில் ஸ்பெல்மன் கல்லூரிப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். அது கறுப்பு இனப் பெண்களுக்கான கல்லூரி. நெல்லி என்ற ராப் பாடகரின் அறநிலையம் அங்கே ஒரு மருத்துவ முகாம் நடத்த இருந்தது. "முகாம் நல்லதுதான். ஆனால் உங்கள் பாட்டுப் படத்தில் பெண்களை இப்படிக் காட்டலாமா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று மாணவிகள் கேட்டார்கள். முகாம் ரத்தானது.

இவை இரண்டும் ஐமஸ் விழுவதற்கு முன்பே நடந்தவை.

2007-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி டெட்ராய்ட் நகரத்தில் ஒரு சவ ஊர்வலம் நடந்தது. குதிரை வண்டியில் சவப்பெட்டி. பின்னால் பெரும் கூட்டம். பெட்டிக்குள் பிணம் இல்லை. இனத்தைப் பழிக்கும் அந்தச் சொல்லுக்குத்தான் இறுதிச் சடங்கு! நடத்தியது, கறுப்பர்களின் உரிமைக்காக நெடுங்காலமாகப் பாடுபடும் பழம்பெரும் சங்கம்.

ரிச்சர்ட் பிரையர் என்ற புகழ் பெற்ற நகைச்சுவை நடிகரும் உண்டு. கறுப்பர். அந்தச் சொல்லை மேடையில் ஓயாமல் பயன்படுத்தியவர். 1979-ம் ஆண்டு ஆப்பிரிக்கா போய் வந்தார். அதன் பிறகு அந்தச் சொல்லைச் சொல்வது இல்லை என்று விட்டுவிட்டார்.

காதைச் சோதித்த பரீட்சை

இப்போது கறுப்பர்களின் கேள்விக்கு வருவோம். "நாங்கள் பாடினால் மட்டும் குற்றமா?"

இதற்கு அழகான ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. கேரி ஃபிரைட் என்ற மனநூல் அறிஞர் அதை நடத்தி 1996-ம் ஆண்டு வெளியிட்டார்.

போலீஸ் அதிகாரி ஒருவரைச் சுட்டுவிட்டுத் தண்டனை அடைந்தவன் பாடுவதாக ஒரு பழைய பாட்டு உண்டு. 1960-ம் ஆண்டு கிங்ஸ்டன் டிரியோ என்ற வெள்ளையர் குழு பாடியது. அந்தப் பாட்டின் சில வரிகளை அந்த அம்மையார் தாளில் எழுதிப் பலரிடம் கொடுத்தார். சிலரிடம், "இது ராப் பாட்டு" என்றார். சிலரிடம், "இது கிராமியப் பாட்டு" என்றார். வரிகள் ஒன்றே!

முடிவு என்ன தெரியுமா? ராப் என்று நினைத்துப் படித்தவர்கள், "ஆபத்தான பாட்டு" என்றார்கள். கிராமியப் பாட்டு என்று நினைத்தவர்களுக்கு அவ்வளவு தவறாகத் தெரியவில்லை. பாடகர் கறுப்பர் என்று படம் காட்டியபோதும் அப்படித்தான். இருபது ஆண்டுகள் கழித்து, 2016-ம் ஆண்டில், வேறு அறிஞர்களும் இதே போன்ற பரீட்சை செய்தார்கள். அப்போதும் ராப் என்ற பெயர் கேட்டதுமே முகம் சுளித்தார்கள்.

ஜானி கேஷ் என்ற வெள்ளைப் பாடகர், சிறையில் இருக்கும் கொலையாளி பாடுவது போல 1955-ம் ஆண்டு ஒரு பாட்டு வெளியிட்டார். நாடே கேட்டு மகிழ்ந்தது. "இவர் கொலைகாரர்" என்று யாரும் சொல்லவில்லை. பாட்டு வேறு, பாடுகிறவர் வேறு என்று தெரிந்திருந்தது.

ராப் பாடகர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 1990-ம் ஆண்டு புளோரிடாவில் 2 லைவ் குரூ என்ற குழுவின் இசைத்தட்டு ஆபாசம் என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். இசைத்தட்டை விற்ற கடைக்காரரைப் போலீசார் கைது செய்தார்கள். 1992-ம் ஆண்டு மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. குற்ற வழக்குகளில் ராப் பாட்டு வரிகளையே சாட்சியாகக் காட்டுவதும் நடந்து வருகிறது. இதற்குக் கட்டுப்பாடு விதித்து 2022-ம் ஆண்டு கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் செய்தது.

ஆகவே இரண்டு தராசு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வெள்ளையர்கள் காட்டும் இடத்தில் மட்டும் அது இல்லை. அவர்கள் காதுக்குள்ளேயும் இருக்கிறது!

மூன்றாவது தராசு

இவர்கள் இருவரும் சண்டை போடும்போது மூன்றாவது ஆள் ஒருவர் பின்னால் நிற்கிறார். அவர் கையிலும் தராசு உண்டு. அதில் நிறுப்பது பணம்!

ஐமஸ் பேசிய அன்றே அவரை நீக்கவில்லை. எட்டு நாள் கழித்துத்தான் நீக்கினார்கள். இடையில் நடந்தது, விளம்பரம் நின்றது. கம்பெனிகளின் மனச்சாட்சி விழித்தது கல்லாப்பெட்டியின் சத்தம் கேட்டுத்தானா என்று யாரும் கேட்பார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். மார்கன் வாலன் என்ற வெள்ளைக் கிராமியப் பாடகர் அந்த இனப்பழிச் சொல்லைச் சொன்ன படம் 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் வெளியானது. ரேடியோக்கள் அவர் பாட்டை நிறுத்தின. கம்பெனி அவரை ஒதுக்கி வைப்பதாகச் சொன்னது. ஆனால் அவர் பாட்டுகளின் விற்பனை கூடியது! விற்பனையும் கேட்பும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், அந்த ஆண்டு அமெரிக்காவில் முதல் இடம் அவர் பாட்டுத் தொகுப்புக்குத்தான்.

ஆகவே, "வெள்ளையர் சொன்னால் வாழ்க்கையே போகிறது" என்பதும் முழு உண்மை அல்ல. கேட்பவர்கள் காசு கொடுத்தால் எல்லாம் மன்னிக்கப்படுகிறது.

2018-ம் ஆண்டு மே மாதம் நடந்த ஒரு சம்பவமும் சிந்திக்கத்தக்கது. கென்ட்ரிக் லாமார் என்ற கறுப்புப் பாடகர் தம் பாட்டைச் சேர்ந்து பாட, ரசிகை ஒருவரை மேடைக்கு அழைத்தார். அந்தப் பெண் வெள்ளையர். பாட்டில் உள்ளபடியே அந்தச் சொல்லையும் பாடினார். பாடகர் பாட்டை நிறுத்தி அவரைக் கண்டித்தார்.

அந்தப் பெண் அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை எழுதி, இசை கூட்டி, விலை வைத்து, அவர் காதில் போட்டவர் யார்? விதைத்தவருக்கும் விளைச்சலில் பங்கு உண்டு அல்லவா?

நமது தீர்ப்பு

நாம் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறோம்.

பிறர் காயத்தைக் குத்தும் சொல்லை வெளியார் சொல்லக் கூடாது. "அவர்களே சொல்கிறார்களே" என்பது சமாதானம் ஆகாது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் திட்டிக்கொண்டால், தெருவில் போகிறவருக்கும் திட்ட உரிமை வந்துவிடுமா?

காயம் பட்டவர்கள் அந்தச் சொல்லை என்ன செய்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். புதைப்பதா, பல்லைப் பிடுங்குவதா? அது அவர்கள் உரிமை. ஆனால் பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லுக்கு எந்த இனத்து ஆணுக்கும் உரிமை இல்லை.

பாட்டைப் பாட்டாகவே கேட்க வேண்டும். வெள்ளையர் பாடினால் கதை, கறுப்பர் பாடினால் குற்றம் என்று கோர்ட்டில் சொல்லக் கூடாது.

கம்பெனிகள் ஒரு கையால் ஆளை நீக்கி, மறு கையால் அதே சொல்லை விற்கக் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

இதெல்லாம் கடல் கடந்த கதை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாட்டுகள் இன்று நம் பிள்ளைகளின் செல்போனில் ஒலிக்கின்றன. பொருள் தெரியாமலே அந்தச் சொல்லைச் சொல்லி, நண்பனை அழைக்கும் பிள்ளைகள் உண்டு. அது ஒரு நாகரிகம் என்று நினைக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1985-ம் ஆண்டு தாய்மார்கள் சிலர் போராடியதால், கொச்சைச் சொல் உள்ள இசைத்தட்டின் மேல் எச்சரிக்கை அச்சிடும் வழக்கம் வந்தது. இன்று செல்போனில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய கட்டத்துக்குள் ஆங்கில எழுத்து "ஈ" இருந்தால் அதுதான் அந்த எச்சரிக்கை. கவனியுங்கள்.

பாட்டைப் பிடுங்கி எறிய வேண்டாம். பிடுங்கினால் ஒளிந்து கேட்பார்கள். பக்கத்தில் உட்கார வைத்து, அந்தச் சொல்லின் கதையைச் சொல்லுங்கள். கப்பலைச் சொல்லுங்கள். சாட்டையைச் சொல்லுங்கள். "கூலி" என்று நம்மவர்களை அழைத்த கதையையும் சொல்லுங்கள்.

நாளை அந்தப் பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகலாம். பக்கத்து நாற்காலியில் கறுப்பு இனத் தோழர் ஒருவர் இருப்பார். அப்போது அந்தச் சொல் நம் பிள்ளையின் வாயில் வராது. சட்டத்துக்குப் பயந்து அல்ல. எதிரில் இருப்பவரின் மனம் நோகும் என்று தெரிந்ததால் வராது.